குன்னத்தூர் பேக்கரி ஒரு தென்கிழக்காசிய வளாக உணவகமே: ஒரு நிறுவல்

திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளி வட்டத்துக் குன்னத்தூர் பேரூராட்சியில் பல்கலைக்கழகம் கிடையாது. தென்கிழக்காசிய உணவகம் என்று பலகை மாட்டிய கடையும் கிடையாது. இந்த இரண்டு இல்லாமைகளையும் காட்டி, தென்கிழக்காசியப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ளது போன்ற ஓர் எளிய உணவகத்தில் சாப்பிடும் பேறு குன்னத்தூர்க்காரர்களுக்கு இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். முடிவுகட்டியது யார் என்று கேட்டால் ஒருவரும் கைதூக்க மாட்டார்கள். ஆனாலும், மறுப்பதற்கு ஒரு தவறான கருத்து முதலில் இல்லாமல் ஆய்வுக் கட்டுரை தொடங்கும் வழக்கம் நம் கல்வியுலகில் இல்லை என்பதால், அப்படி ஒரு கருத்து நிலவுவதாக வைத்துக்கொள்வோம். அதை மறுத்து இக்கட்டுரை நிறுவ வருவது ஒன்றே ஒன்று: குன்னத்தூரின் எந்தப் பேக்கரியும் சர்வ லட்சணங்களும் பொருந்திய தென்கிழக்காசிய வளாக உணவகம்தான். அதில் டீ குடிப்பவர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலோ கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்திலோ சாப்பிடும் மாணவரிடமிருந்து எந்த முக்கியமான வகையிலும் வேறுபட்டவர் அல்லர். தேர்வு எழுத வேண்டியதில்லை என்பது மட்டும் வேறுபாடு. அதையும் குறையாகக் கருதுவதற்கில்லை.

தமிழ்நாட்டில் தென்கிழக்காசியா என்று சொன்ன மாத்திரத்தில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கிளம்பிவிடும். 1025ஆம் ஆண்டைய கடாரப் படையெடுப்பு, சுமத்ராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டைய ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு, நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியெடுத்த மணிகள் எல்லாம் வரிசைகட்டி வந்து நிற்கும். இந்தக் கட்டுரைக்கு அவை வேண்டாம். படையெடுத்துப்போன ராஜா என்ன சாப்பிட்டார் என்று மெய்க்கீர்த்தி சொல்வதில்லை. யானைகளைப் பற்றியும் தோரண வாயிலைப் பற்றியும் அவ்வளவு விவரம் கொடுத்த புலவர்கள் படைக்கு யார் சமைத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டது நம் வரலாற்றெழுத்தின் தொடக்ககாலக் குறைபாடு. ஆகவே கல்வெட்டுச் சான்றை ஒதுக்கிவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கப்படும் சான்றுகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். இவற்றை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். காலையில் சரிபார்ப்பது நல்லது. மாலைக்குள் சான்றுகள் தீர்ந்துவிடும்.

முதல் சான்று முட்டை பப்ஸ். அடுக்கடுக்காகப் பிரியும் மேலோடு, உள்ளே வதக்கிய வெங்காய மசாலா, அதன்மேல் கவிழ்த்து வைத்த, அவித்த முட்டையின் பாதி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘கறி பப்’ என்றும் ‘கரிபாப்’ என்றும் விற்கப்படுவதை வாங்கிப் பிட்டுப் பாருங்கள்: மாவு மேலோடு, உள்ளே உருளைக்கிழங்குக் கறி, பெரும்பாலும் ஒரு துண்டு அவித்த முட்டை. ‘ஓல்ட் சாங் கீ’ என்ற சிங்கப்பூர் நிறுவனம் 1956இல் தொடங்கி இந்த ஒரு பண்டத்தை வைத்தே பேர் எடுத்தது. வடிவம் வேறாக இருக்கிறதே, அங்கே பிறை, இங்கே சதுரம் என்று ஒருவர் சொல்லலாம். வடிவத்தை வைத்து இனம் பிரிப்பவர்கள் நெய் தோசையையும் ஊத்தப்பத்தையும் வேறு வேறு நாகரிகங்கள் என்பார்கள். பார்க்க வேண்டியது கொழுப்பை. உலகின் பாமாயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைகிறது. அதை மிக அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. பப்ஸின் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கப் போடுகிற பேக்கரிக் கொழுப்பும், நம் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கொடுக்கும் பாமாயிலும் அந்தத் தோட்டங்களிலிருந்து புறப்பட்டவைதாம். சுமத்ராவின் செம்பனைக் குலை குன்னத்தூரில் ஒருவர் சட்டையில் பப்ஸ் தூளாக உதிர்ந்து கிடக்கிறது என்றால், அந்த இடத்தைத் தென்கிழக்காசியாவுக்கு வெளியே வைப்பதற்கு வரைபடம் போட்டவர்கள்தான் காரணம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சான்று, கல்லாவுக்குப் பக்கத்தில் பாக்கெட்டில் தொங்கும் குச்சிக்கிழங்கு சிப்ஸ். மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் கொங்கு நாட்டில் மிளகாய்த்தூள் தூவிய இந்தச் சிப்ஸுக்குத் தனி மரியாதை உண்டு. மலேசியாவில் இதையே ‘கெரெப்பெக் உபி’ என்று விற்கிறார்கள். அங்கே மிளகாயோடு சர்க்கரையையும் சேர்த்துப் பிசுபிசுப்பாக்கி வைப்பார்கள். சர்க்கரை விஷயத்தில் அவர்கள் கொஞ்சம் தாராளம், மன்னித்துவிடலாம். இந்தக் கிழங்கின் உறவு சிப்ஸோடு நிற்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோனபோது, அதற்கு மாற்றாகச் சேலத்தில் 1943இல் மரவள்ளிமாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்று நாம் பாயசத்தில் போடும் ஜவ்வரிசி, வராமல் போன மலாயாச் சரக்கின் இடத்தை நிரப்ப வந்த உள்ளூர் ஆள். தென்கிழக்காசியா நமக்குச் சரக்கு அனுப்பிய நாளில் மட்டுமல்ல, அனுப்பாமல் விட்ட நாளிலும் நம் அடுப்பை நிர்ணயித்திருக்கிறது.

மூன்றாவதும் முதன்மையானதுமான சான்று டீ. மலேசியாவின் ‘தே தாரிக்’ என்ற ஆற்றிய தேநீரை, உலகுக்கு அந்நாட்டின் அடையாளமாகச் சுற்றுலாத் துறை காட்டிவருகிறது. 2024 டிசம்பரில் மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, நாசி லெமாக், ரொட்டி சானாய் ஆகியவற்றோடு தே தாரிக்கும் உள்ளே போனது. இந்தத் தேநீரை ஆற்றிக் கொடுத்துப் பெயர் வாங்கித் தந்தவை தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகள். ரொட்டி சானாய் என்றும் சிங்கப்பூரில் பிராட்டா என்றும் அழைக்கப்படுவது நம் பரோட்டாவின் கடல்கடந்த தம்பி. ஆக, தென்கிழக்காசிய உணவகத்தின் மையத்தில் நிற்பவர் நம் டீ மாஸ்டரின் பங்காளி. கையை மேலே தூக்கி, குவளையைக் கீழே இறக்கி, நடுவில் ஒரு முழ நீளத்துக்கு டீயைக் கயிறாக இழுக்கும் அந்த வேலையைக் குன்னத்தூரில் செய்தால் ‘ஆத்தறது’, கோலாலம்பூரில் செய்தால் மனிதகுல மரபு. நம் மாஸ்டருக்கு யுனெஸ்கோவிலிருந்து இதுவரை எந்தக் கடிதமும் வரவில்லை. வந்தாலும் கூட்ட நேரமாக இருந்தால் பிரித்துப் படிக்க மாட்டார்.

பாத்திர பண்டங்களும் இதையே சொல்கின்றன. சிங்கப்பூரின் கோப்பிக்கடைகளில் நீண்ட கைப்பிடி போட்ட துணிப்பையில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி வடிக்கிறார்கள். நம் பாய்லருக்குப் பக்கத்தில் கம்பி வளையத்தில் தொங்கும் வடிகட்டித் துணியும் அதே ஆள்தான். வெள்ளையாகப் பிறந்து ஒரே வாரத்தில் பழுப்பாகி, பிறகு எந்தச் சோப்புக்கும் கட்டுப்படாத நிறத்தை அடைகிற அதே வாழ்க்கை வரலாறு. பனியன் துணிக்குப் பேர்போன ஊர்ப்பக்கத்தில் இந்தத் துணியை யாரும் ஏற்றுமதி செய்ய நினைக்கவில்லை என்பது ஆச்சரியம். சிங்கப்பூரில் பார்சல் கேட்டால் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைக் கயிற்றால் சுருக்கி, விரலில் மாட்டிக்கொண்டு போகும்படி கொடுப்பார்கள். இங்கேயும் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை அரசு தடைசெய்த பிறகு தூக்குவாளியும் பிளாஸ்க்கும் திரும்பி வந்துவிட்டன. சூடான டீயைக் கவரில் பிடித்து நடக்கும் அந்த விரல் வித்தை ஒரே சமயத்தில் இரண்டு கரைகளிலும் தோன்றியது தற்செயல் என்று சொல்லிவிடலாம். தற்செயல் என்று சொல்வது ஆய்வாளருக்கு அழகல்ல என்பதால் சொல்லவில்லை.

ஆர்டர் சொல்லும் முறையிலும் ஒற்றுமை. சிங்கப்பூர்க் கடையில் ‘கோப்பி ஓ’ என்றால் பால் இல்லை. ‘கொசோங்’ என்றால் சர்க்கரை இல்லை. ‘பெங்’ என்றால் ஐஸ் உண்டு. வாடிக்கையாளர் ஒருவர், இரண்டு மூன்று அசைகளில் தன் உடல்நிலை, வருமானம், அன்றைய மனநிலை அனைத்தையும் தெரிவித்துவிடலாம். குன்னத்தூரில், “ஏனுங்ணா, மூணு டீ, ஒண்ணு ஸ்ட்ராங்கு, ஒண்ணு லைட்டு, அப்பாவுக்குச் சக்கரை வேண்டாங்க” என்று மகன் சொல்லும்போது குடும்பத்தின் மருத்துவ அறிக்கை கடை முழுக்கப் படிக்கப்படுகிறது. பின்னால் நிற்பவர், “எனக்கொரு வரக்காப்பிங்க” என்பார். மாஸ்டர் எதையும் எழுதிக்கொள்வதில்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை. நான்கு பேருக்கும் நான்கு சரியான டம்ளர்கள் வருகின்றன. இந்த நினைவாற்றலைச் சோதிக்கப் பல்கலைக்கழகங்களில் மூன்று மணி நேரத் தேர்வு வைக்கிறார்கள்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். கயா டோஸ்ட் எங்கே, லக்ஸா எங்கே என்று கேட்பார்கள். கயா என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய ஜாம். சுட்ட ரொட்டிக்கு நடுவில் அதைத் தடவி, மேலே ஒரு பாளம் வெண்ணெய் வைப்பார்கள். ரொட்டி, தேங்காய், இனிப்பு, வெண்ணெய் என்று பிரித்துப் பார்த்தால் நம் பேக்கரியில் தேங்காய் பன்னும் பன் பட்டர் ஜாமும் இந்தப் பொறுப்பை இரண்டாகப் பகிர்ந்துகொண்டிருப்பது தெரியும். வெண்ணெயில் நம் கை மேலோங்கியது. வெண்ணெய்க்கே பேர்போன ஊத்துக்குளி குன்னத்தூரின் வட்டத் தலைநகர். ஊத்துக்குளி வட்டத்தில் இருந்துகொண்டு பன்னில் பாக்கெட் பட்டர் தடவும் கடைகள் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது. ஊர்ப் பகை வேண்டாம் என்று இங்கே தவிர்க்கப்படுகிறது. லக்ஸா கொஞ்சம் கடினமான கேள்வி. அரிசி நூடுல்ஸைத் தேங்காய்ப்பாற் குழம்பில் போட்டுக் கொடுப்பது லக்ஸாவின் பரவலான ஒரு வகை. கொங்கு வீட்டில் விருந்தாளி வந்தால் புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சந்தகை அச்சில் போட்டு இரண்டு பேர் சேர்ந்து அழுத்திப் பிழிந்து, ஏலக்காய் மணக்கும் தேங்காய்ப்பாலை ஊற்றிக் கொடுப்பார்கள். இறாலும் மிளகாய் விழுதும் இல்லாத லக்ஸா இது. அச்சின் கைப்பிடியை அழுத்தத் தெரிந்த மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் ஒரு பிடி கூடுதல் கிடைக்கும் என்பதால் பயிற்சியும் குறைவில்லை. சந்தகை பேக்கரியில் கிடைக்காதே என்றால், ஆம், கிடைக்காது. ஆனால் பேக்கரிக்கு வருகிற நாக்கு சந்தகையில் பழகிய நாக்கு. உணவகத்தை நிர்ணயிப்பதில் அடுப்புக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு நாக்குக்கும் உண்டு.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. பேக்கரி என்பதே வெள்ளைக்காரன் விட்டுப்போனது; பப்ஸ் அவன் பண்டம்; டீ சீனத்தது; தெருவுக்குத் தெரு நாம் பார்க்கும் ஐயங்கார் பேக்கரிகளின் வேர் கர்நாடகத்து ஹாசன். இதில் தென்கிழக்காசியா எங்கே வந்தது? தமிழ்நாட்டில் அசலான தென்கிழக்காசியத் தீனி வேண்டுமென்றால் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜாருக்குப் பின்தெருவில் அத்தோ சாப்பிடுங்கள் என்பார்கள். நியாயமான யோசனை. 1962இல் பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோது, பல தலைமுறை உழைப்பை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறிய தமிழர்கள் கொண்டுவந்தது அத்தோ. செம்மஞ்சள் நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டு, முட்டைக்கோசு, வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், நொறுக்கிய பேஜோத் தட்டை எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப்போடு நீட்டுவார்கள். உடைமையெல்லாம் பறிபோனவர்கள் நாவில் வைத்துக் கடத்திவந்த சொத்து அது என்பதால் அதைப் பகடி செய்ய இக்கட்டுரைக்கு உரிமையில்லை. ஆனால் அத்தோ ஒரு நாட்டின் நினைவு. குன்னத்தூர் பேக்கரியின் கோரிக்கை நினைவு சார்ந்தது அல்ல, இயல்பு சார்ந்தது. தென்கிழக்காசிய உணவகத்தின் இயல்பு என்ன? கோப்பிக்கடையை வளர்த்தவர்கள் சீனத்து ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள், பரோட்டா போட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள், ரொட்டி ஆங்கிலேயருடையது, தேங்காய் மட்டுமே உள்ளூர். எல்லாம் வெளியிலிருந்து வந்து ஒரே மேசையில் உட்கார்ந்து, பிறகு உள்ளூர்க்காரர்போல் பேசத் தொடங்குவதுதான் அந்த இயல்பு. ஹாசன் அடுப்பும் இங்கிலாந்துப் பப்ஸும் சீனத்துத் தேயிலையும் சுமத்ரா எண்ணெயும் சேர்ந்து, “என்னங் வேணும்?” என்று கேட்கின்றன. ஆட்சேபம் சொன்னவர்கள் நமக்குத்தான் சான்று கொடுத்திருக்கிறார்கள்.

தென்கிழக்காசியத்தன்மை இவ்வாறு நிறுவப்பட்டது. எளிமையை நிறுவத் தேவையில்லை; லுங்கியோடு உள்ளே போகலாம். எஞ்சியிருப்பது வளாகத்தன்மை. ஆய்வின் கனமான பகுதி இது.

வளாகம் என்றால் மதில், மணிக்கூண்டு, துணைவேந்தர் படம் என்று நினைப்பது மேலோட்டமான பார்வை. பல ஊர்களிலிருந்து இளைஞர்கள் வந்து, விடுதிகளில் தங்கி, கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, மணியடிப்பதற்குள் போய் உட்கார்ந்து, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் இடமே வளாகம். பனியன் தொழில் இந்த வட்டாரத்தையே அப்படி ஆக்கி வைத்திருக்கிறது. 2024-25இல் மட்டும் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த தொழில் அது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள், தென்மாவட்டங்களிலிருந்து வந்து மகளிர் விடுதிகளில் தங்கியவர்கள், சுற்றுப்பட்டிகளிலிருந்து கம்பெனி வேனில் ஏறுகிறவர்கள் என்று மாணவர் சேர்க்கை ஆண்டு முழுவதும் நடக்கிறது. முதலாமாண்டில் கைமடி, அதாவது எடுபிடி வேலை: மடித்துக் கொடுப்பது, பிசிறு வெட்டுவது, டீ வாங்கி வருவது. பிறகு ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று சிறப்புப் பாடம். அதற்குமேல் கட்டிங் மாஸ்டர். முனைவர் பட்டம் என்பது நான்கு மெஷின் வாங்கிப்போட்டுச் சொந்தமாக ஜாப் ஒர்க் எடுப்பது. இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. திருப்பூரில் விவசாயக் குடும்பத்துத் தொழிலாளர்கள் மெஷினில் வேலை கற்று, உழைப்பையே முதலாக்கி முதலாளிகளான கதையை ஆராய்ந்து சரத் சாரி 2004இல் ‘ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்’ என்று ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். மதிப்பீட்டு முறையும் கடுமையானது. செக்கிங் மேசையில் வெளிச்சத்துக்குக் கீழே ஒவ்வொரு துணியாகத் திருப்பிப் பார்த்து, தேறியது ஒரு பக்கம், ரிஜெக்ட் ஒரு பக்கம் என்று போடுவார்கள். மறுகூட்டல் கிடையாது. உதவித்தொகை சனிக்கிழமை மாலையில் வழங்கப்படுகிறது. அன்று பேக்கரியில் பப்ஸ் ஆறு மணிக்கே தீர்ந்துவிடும். எல்லோரும் தேறுகிறார்களா, ஏறும் படி எல்லோருக்கும் ஒரே உயரமா என்றால் இல்லை; பெண்களுக்கும் வடக்கிலிருந்து வந்தவர்களுக்கும் படிகள் இன்னும் செங்குத்தானவை. இதிலும் பல்கலைக்கழகங்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

வளாகத்துக்குள் பேருந்து ஓட வேண்டும் என்பாரும் உண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் புலத்துக்குப் புலம் உள்பேருந்து ஓடுகிறது உண்மைதான். இங்கே காலை எட்டு மணிக்கு முன்னால் ஊர்ச் சாலையில் நின்று பாருங்கள். கம்பெனிப் பெயரைக் கண்ணாடியில் ஒட்டிய வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து இரவில் அவையே திருப்பிக் கொண்டுவந்து விடும்.

இந்த வளாகத்தின் பாடத்திட்டத்தில் தென்கிழக்காசியவியல் கட்டாயப் பாடம் என்பதே இவ்வாய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்தியவியல் துறை இருக்கிறது. தனிநாயகம் அடிகள் அதற்குத் தலைமை வகித்தார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடியது. அவர்கள் நம்மை அங்கே படித்தார்கள். நாம் அவர்களை எங்கே படிக்கிறோம்? பேக்கரி வாசலில். கையில் டம்ளரோடு நிற்கும் நாலு பேரின் பேச்சைக் கேளுங்கள்: வியட்நாமுக்குப் போன ஆர்டர் திரும்புமா, கம்போடியாவில் கூலி என்ன, இந்தோனேசியாக்காரன் என்ன விலைக்குக் கொடுக்கிறான், நூல் விலை இந்த மாதம் ஏறுமா. 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, வியட்நாமுக்கு 20, கம்போடியாவுக்கு 19 என்ற எண்கள் கைமடி வேலைக்கு வந்த பையனுக்குக்கூட மனப்பாடம். புனோம் பென் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டச் சொன்னால் திணறலாம். அங்கே தையல் கூலி கூடினால் தன் ஓவர்டைம் என்ன ஆகும் என்பதைச் சரியாகச் சொல்லிவிடுவான். வட்டாரவியல் துறைகள் மாணவர்களிடம் எதிர்பார்க்கும் அக்கறை இதைவிட அதிகம் இருக்க வாய்ப்பில்லை. சிங்கப்பூர் வளாகத்தின் ‘தி டெக்’ உணவகத்தில் மாணவர் ஒருவர் நூடுல்ஸ் சாப்பிடும்போது அணிந்திருக்கும் டி-ஷர்ட் இந்தப் பக்கத்துச் சரக்காக இருக்கலாம், கம்போடியச் சரக்காகவும் இருக்கலாம். கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்க்காமல் அவருக்கே தெரியாது. அந்த மேசையில் நாம் பாதி உட்கார்ந்திருக்கிறோம்.

அருகில் நிஜக் கல்லூரிகள் இருக்கும்போது அவற்றின் கேன்டீன்களை விட்டுவிட்டுப் பேக்கரியை ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பெருந்துறையில் 1984 முதல் கொங்கு பொறியியல் கல்லூரி இருக்கிறது. திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி 1966 முதலும், முதலிபாளையத்தில் பின்னலாடைக்கென்றே ஒரு கல்லூரி 1997 முதலும் உண்டு. அவற்றின் கேன்டீன்களுக்கு இக்கட்டுரை எதிரியல்ல. ஆனால் வாசலில் காவலாளி நிற்கிறார், அடையாள அட்டை கேட்கிறார், வெளியாள் போய் டீ குடிக்க முடியாது. சிங்கப்பூர் வளாக உணவகங்களில் பக்கத்து அலுவலகத்துக்காரரும் வந்து வரிசையில் நிற்பார். ஆக, திறந்த வாசல் என்ற அளவுகோலில் பேக்கரியே அந்த வகைக்கு நெருங்கியது. கல்லூரிக் கேன்டீன், கல்லூரிக்குள் இருக்கும் குற்றத்தால் தகுதியிழக்கிறது.

ஒழுக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரில் சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் தொல்லை தாங்காமல், 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் அதைக் குற்றமாக நடைமுறைப்படுத்தினார்கள். முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை பிடிபட்டால் 300 வெள்ளி அபராதம். முந்தைய ஆண்டு டிசம்பரில்தான் அவர்களின் உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியிருந்தது. பண்பாடு ஏறிய ஒன்பதே மாதத்தில் தட்டை எடுத்து வைக்கச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. குன்னத்தூரில் டீ குடித்தவர் டம்ளரைக் கொண்டுவந்து கல்லாவுக்குப் பக்கத்துத் தட்டத்தில் தானே வைத்துவிட்டுத்தான் காசு எடுப்பார். அதிகாரி இல்லை, எச்சரிக்கை இல்லை. வைக்காமல் போனால் மாஸ்டர் பார்க்கும் ஒரு பார்வை உண்டு. 300 வெள்ளியைவிட அது கனம். பைக் சீட்டில் டம்ளரை வைத்துவிட்டுப் போகும் சிலரும் இருக்கிறார்கள். அவர்களை ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்துகிறோம்.

கடைசி ஆட்சேபம்தான் கொஞ்சம் உறுத்துகிறது. இந்த வாதம் ஏற்கப்பட்டால் தமிழ்நாட்டில் டீக்கடை உள்ள ஊரெல்லாம் தென்கிழக்காசிய வளாகமாகிவிடுமே. எல்லாவற்றையும் நிறுவும் வாதம் எதையும் நிறுவாது அல்லவா? தருக்கப்படி சரியான கேள்வி. மதுரையில் பரோட்டா உண்டு, குன்னத்தூரைவிட நன்றாகவே உண்டு. ஆனால் மதுரைக்காரர் தன் பரோட்டாவைக் கோலாலம்பூரோடு ஒப்பிட்டால் கோபித்துக்கொள்வார். தன் ஊரைத் தவிர வேறு எதையும் அளவுகோலாக ஏற்காத நகரம் வட்டாரவியலுக்கு உதவாது. நீலகிரியில் தேயிலையே விளைகிறது, ஆனால் வியட்நாம் ஆர்டரைப் பற்றிய கவலை இல்லை. சென்னையில் அத்தோ, பல்கலைக்கழகம் இரண்டும் உண்டு. மாஸ்டருக்குத்தான் உங்கள் அப்பாவின் சர்க்கரை தெரியாது. பப்ஸ், குச்சிக்கிழங்கு, ஆற்றிய டீ, சந்தகையில் பழகிய நாக்கு, கைமடி முதல் ஜாப் ஒர்க் வரையிலான படிகள், புனோம் பென் பற்றிய அன்றாடக் கவலை ஆகிய ஆறும் ஒரே கூரையின் கீழ் கூடுவது இந்தப் பனியன் வட்டாரத்தில்தான். அவிநாசி, பெருமாநல்லூர், ஊத்துக்குளி ஊர்க்காரர்கள் தங்களுக்கும் இந்தத் தகுதி உண்டென்று கருதினால் தனித்தனியே கட்டுரை எழுதிக்கொள்ளலாம். இதில் கூட்டு மனு ஏற்கப்படாது.

எனவே குன்னத்தூர் பேக்கரி தென்கிழக்காசிய வளாக உணவகமே எனத் தீர்மானிக்கப்படுகிறது. இம்முடிவை மறுக்க விரும்பும் அறிஞர்கள் நேரில் வந்து மறுக்கலாம்; காலை பதினொரு மணிக்கு முன்னால் வாருங்கள். பதினொரு மணிக்குக் கம்பெனிகளில் டீ டயம். தூக்குவாளியோடு கைமடிப் பையன்கள் வந்துவிடுவார்கள், அப்புறம் மாஸ்டர் யாருக்கும் பதில் சொல்ல மாட்டார்.